சினம் உறையும் இசை

இசை என்பது செவிக்கு இனிமை தருவது என்று சொல்லிச் சொல்லியே அதன் எல்லையை நாம் குறுக்கி விட்டோம். யாழின் நாதமும் குழலின் குழைவும் இசை. இடியை ஒத்த முழக்கமும் அடிவயிற்றிலிருந்து எழும் அலறலும் இசையல்ல என்பது நம்மிற் பலர் எழுதிவைத்துக்கொண்ட தீர்ப்பு. ஆனால், மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர் உவகையையும் நகையையும் மட்டும் எண்ணி நிறுத்தினாரல்லர். அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி ஆகிய நான்கையும் அவ்வெட்டினுள் வைத்தார். எட்டில் நான்கை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, எஞ்சியதை மட்டும் கலையென்று போற்றுவது நயமான பழக்கமாக இருக்கலாம். தமிழ் மரபு ஆகாது.

இதனை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் இளைஞருட் சிலர், நோர்வே நாட்டில் உருப்பெற்ற 'பிளாக் மெற்றல்' என்னும் இசையில் ஈடுபாடு கொண்டிருக்கின்றனர். ரொக் இசை இந்நகருக்குப் புதியதன்று. 'பரனொய்ட் ஏர்த்லிங்' என்னும் ரொக் குழு 2001 இல் கண்டியிலேயே தோன்றியது. எனினும் பிளாக் மெற்றலைக் கேட்ட பெரியோர், "இது என்ன பேய்க்கூச்சல்?" என்று முகம் சுளிக்கின்றனர். கேட்கும் இளைஞரோ, ஏன் அதை விரும்புகின்றோம் என்று சொல்லத் தெரியாது தோளைக் குலுக்கிவிட்டுப் போகின்றனர். சுளித்த முகத்துக்கும் குலுக்கிய தோளுக்கும் நடுவே ஒரு நல்ல கேள்வி விடையின்றிக் கிடக்கின்றது. இத்தகைய இசையின் கவர்ச்சி எங்கே இருக்கின்றது? என்ஸ்லேவ்ட் என்னும் நோர்வேக் குழுவினர் 2004 இல் வெளியிட்ட 'ஈசா' என்னும் இசைத்தட்டை முன்வைத்து அதற்கு விடை காண முயல்வோம்.

முதலில் பிளாக் மெற்றல் என்பது யாதென அறிதல் வேண்டும். மின்கிற்றாரின் தந்தியை மிக விரைவாக மேலும் கீழுமாக மீட்டித் தனித்தனிச் சுரங்கள் கரைந்து ஒரே ஒலிப்படலமாகும்வரை நீட்டுவர். அதன் அடியிலே முரசு மூச்சுவிட இடமின்றி அடிக்கப்படும். குரல் பாடுவதில்லை, கீறிக்கொண்டு கத்தும். ஒலிப்பதிவையும் வேண்டுமென்றே கரடுமுரடாக விட்டுவைப்பர். 1990களின் தொடக்கத்தில், பெரும்பாலும் இருபது வயதை அண்டிய இளைஞர்கள், தம் நாட்டின் ஒழுங்கான, வசதியான, ஓசையற்ற வாழ்க்கையின்மீது கல்லெறிவதுபோல் இதனைப் படைத்தனர்.

கல்லெறிதலோடு அவர்களிற் சிலர் நின்றாரல்லர் என்பதையும் மறைத்தல் ஆகாது. 1992 ஜூன் 6 ஆம் திகதி, பேர்கன் நகருக்கு அருகே, 12 ஆம் நூற்றாண்டில் மரத்தாற் கட்டப்பெற்ற ஃபன்ரொஃப்ற் தேவாலயம் தீக்கிரையாயிற்று. அதன்பின் வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் ஒஸ்லோ நகரில் இவ்விசையுலகைச் சேர்ந்த ஒருவர் மற்றொருவரைக் குத்திக் கொன்றார். கொலைக்கும் தேவாலயங்களுக்குத் தீவைத்த குற்றத்துக்குமாக அவருக்கு 1994 இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பேய்க்கூச்சல் என்று சொல்லும் பெரியோர் கையில் இதனினும் வலிய சான்று வேறில்லை. இச்சான்றை ஒதுக்கிவிட்டு இவ்விசையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆதலால் அதனைக் கையில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

என்ஸ்லேவ்ட் குழு 1991 இல் தொடங்கப்பட்டது. தொடக்கியோர் இருவருள் ஈவார் பியோர்ன்சனுக்கு அப்போது வயது 13. குறூட்லே செல்சனுக்கு 17. சக இளைஞர் சாத்தானின் பெயரைச் சொல்லி ஊரை மிரட்டிக்கொண்டிருந்த வேளையில், இவ்விருவரும் தம் முன்னோரின் தெய்வக் கதைகளை நாடிச் சென்றனர். 1994 இல் 'ஃபுரொஸ்ற்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். உறைபனி என்பது அதன் பொருள். பத்தாண்டு கழித்து, தம் எட்டாவது இசைத்தட்டுக்கு 'ஈசா' என்று பெயரிட்டனர். நம் செவிக்கு அது சிவபெருமானை விளிக்கும் சொல்லாகக் கேட்கும். அவர்களுக்கோ அது பழைய ரூன் எழுத்துக்களுள் ஒன்றின் பெயர், நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கோடு, பொருள் பனிக்கட்டி. உறைபனியிற் புறப்பட்டுப் பனிக்கட்டியில் வந்து சேர்ந்தமையாற் பெயரளவில் அதிக தூரம் போகவில்லை. ஆனால் இசையில் அவர்கள் கடந்த தூரம் பெரிது.

இவ்வகையை 'புரோகிரசிவ்' பிளாக் மெற்றல் என்பர். அச்சொல்லைத் தமிழில் 'முற்போக்கு' என்று பெயர்த்தால் ஈழத்து வாசகருக்கு 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமே நினைவுக்கு வரும். இங்குக் கருதப்படுவது கட்சியன்று, இசையின் வளர்ச்சி. ஒரே வேகம், ஒரே உணர்ச்சி, ஒரே இரைச்சல் என்று நின்றுவிடாது, நீண்ட வடிவங்களையும் மாறும் தாளங்களையும் தெளிந்த குரலையும் ஓர்கன் போன்ற விசைக்கருவிகளையும் சேர்த்துக்கொண்டு முன்செல்வது. 1970களில் பிங்க் ஃபுளொய்ட், கிங் கிறிம்சன் போன்ற ஆங்கிலக் குழுவினர் திறந்த வாயிலின் வழியே இவர்கள் தம் முன்னோர் தெய்வங்களையும் கூட்டிக்கொண்டு நுழைந்தனர் எனலாம்.

'ஈசா'வை ஊன்றிக் கேட்போர்க்கு முதலிற் புலப்படுவது அதிலுள்ள இரு குரல்கள். செல்சனின் குரல் கீறும், கரையும், சினக்கும். அவ்வாண்டிற் குழுவிற் சேர்ந்த ஹேர்பிராண்ட் லார்சனின் குரல் தெளிவாக, சற்றே துயருடன், இராகம் பிடித்துப் பாடும். ஒன்று மற்றொன்றை அடக்குவதில்லை. சினம் தன் வழக்கைச் சொல்லி முடிக்கும். பிறகு அமைதி எழுந்து தன் வழக்கைச் சொல்லும். தலைப்புப் பாடல் நான்கு நிமிடத்துக்கும் குறைவானது. ஒற்றைக் கோட்டெழுத்தைப் போலவே நிமிர்ந்து நிற்பது. இசைத்தட்டின் இறுதியை அண்டி வரும் 'நியோஜெனசிஸ்' என்னும் பாடலோ ஏறத்தாழ 12 நிமிடம் நீள்வது. புதுப்பிறப்பு என்பது பெயரின் பொருள். அது பல பகுதிகளாகப் பிரிந்து, விரைந்தும் தணிந்தும், முன்பு சொன்னதைப் புதிய இடத்தில் வைத்து மீண்டும் சொல்லியும் செல்கின்றது. இவ்வாண்டின் சிறந்த மெற்றல் இசைத்தட்டென 2004 ஆம் ஆண்டுக்குரிய 'ஸ்பெல்லமன்' என்னும் நோர்வே தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பத்தாண்டுக்கு முன் எந்த நாட்டின் காவலர் இவ்விசைக்காரர் கதவுகளைத் தட்டினரோ, அதே நாடு பின்னர் அவ்விசைக்கு மாலை சூட்டியது.

அப்படியாயின் கவர்ச்சி எங்கே? இருளில் இல்லை, உரத்த ஒலியிலும் இல்லை. சினமானது காத்திருக்கக் கற்றுக்கொள்வதை நாம் ஐம்பது நிமிடம் உடனிருந்து கேட்கின்றோம். அங்கேதான் கவர்ச்சி இருக்கின்றது. இவ்விசைக்காரர் தம் இளமைக் கோபத்தைத் துறந்தாரல்லர். அதனைத் துறந்து இனிமைக்கு மாறியிருந்தால் அது வெறும் மனந்திருந்திய கதையாகப் போயிருக்கும். அவர்கள் அக்கோபத்துக்கு இடம் கொடுத்தனர், அளவு கொடுத்தனர், மறுமொழி சொல்ல ஓர் எதிர்க்குரலையும் கொடுத்தனர். 'உறைதல்' என்னும் நம் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கட்டியாக இறுகுதலும் உறைதல். ஓரிடத்தே தங்கி வாழ்தலும் உறைதல். இவ்விசையிற் சினம் இரு பொருளிலும் உறைகின்றது.

நோர்வேயின் பனிக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் பனிக்கட்டி படிவதில்லை. ஆனால் இங்கிருந்து மேலே ஏறி நுவரெலியாவை அடைந்தால், ஜனவரி, பெப்ருவரி மாதங்களில் உறைபனி விழுந்த விடியலிலே தேயிலைக் கொழுந்து நெருப்புப் பட்டதுபோற் கருகி நிற்பதைத் தோட்டத் தொழிலாளர் அறிவர். குளிரும் சுடும் என்பதை மலையகத்தாருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

நெருப்பையோ, கண்டியார் அதனினும் நன்கு அறிவர். 1983 ஜூலையில் இந்நகரின் தெருக்களிலே தமிழரின் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரி 25 ஆம் திகதி தலதா மாளிகையின் வாயிலிலே குண்டு வெடித்து உயிர்களைக் குடித்தது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீயிடப்பட்டன. மூவினத்தாரும் மாறிமாறி அழுத மண் இது. ஆதலால், நோர்வேயில் வழிபாட்டிடங்களை எரித்த இளைஞரின் செயலை 'இளமையின் எதிர்ப்பு' என்று அழகுபடுத்திப் பேச உலகில் எவருக்கு உரிமை இருப்பினும் கண்டியாருக்கு இல்லை. எரிந்த கூரையின் நாற்றம் எச்சமயத்தார்க்கும் ஒன்றே.

அவ்வாறாயின் இவ்விசையை முற்றாக விலக்கிவிட வேண்டியதுதானே என்பார் உளர். அங்குத்தான் எம் கருத்து வேறுபடுகின்றது. தீவைத்தவன் கையிலும் சினம் இருந்தது. 'ஈசா'வைப் படைத்தவர் கையிலும் சினம் இருந்தது. ஒரே ஊர்ப்புறம், ஒரே காலம், ஒரே கருவிகள். ஒருவன் சினத்தைக் கூரைமேல் எறிந்தான். மற்றவர் அதனைப் பத்தாண்டு இழைத்து இழைத்து வடிவாக்கினர். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவோர், தீக்கும் விளக்குக்கும் வேறுபாடு காணாதோர் ஆவர். திருவள்ளுவர் வெகுளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் வெகுளியே தோன்றாத மனிதருக்காக அவர் அதை எழுதியிருக்க முடியாது. வெகுளி வந்த மனிதன் அதனை எங்கே வைப்பது என்பதே கேள்வி. வைப்பதற்கு ஓர் இடம் கலையிற் கிடைக்காவிட்டால் அது தெருவில் இடம் தேடும்.

இவ்வுண்மையைக் கண்டி மிகப் பழைய காலத்திலேயே கண்டுகொண்டது. 'கொஹொம்பா கங்காரிய' என்னும் மலைநாட்டுச் சிங்களவர் சடங்கை நோக்குக. விஜயனால் வஞ்சிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட குவேனியின் சாபம், பின்வந்த பாண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பற்றியதென்றும், அந்நோயைத் தீர்ப்பதற்கென்றே இச்சடங்கு முதன்முதல் நடத்தப்பட்டதென்றும் மரபுக்கதை கூறும். மாலையில் தொடங்கி விடியும்வரை கெட்டபெரய முழங்கும், ஆடுநர் சுழல்வர், செவிப்பறை அதிரும். வெள்ளி முடி சூடிய வெஸ் ஆட்டத்தைச் சுற்றுலாப் பயணிகள் இன்று கைதட்டி இரசிக்கின்றனர். அது இச்சடங்கின் மடியிற் பிறந்தது என்பதை அவரிற் பலர் அறியார். அநீதிக்குள்ளான ஒரு பெண்ணின் கோபத்தை ஒரு சமுதாயம் மறுக்கவில்லை; மறக்கவுமில்லை. ஓர் இரவு முழுதும் அதன்முன் ஆடி அதனைத் தணித்தது. மெல்லிசையால் தணிக்க முயலவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. முழக்கத்தின் சினத்தை முழக்கத்தாலேயே ஆற்றினர்.

நம் மக்களிடமும் இதற்கு இணையான அறிவு உண்டு. தோட்டங்களிற் காமன் கூத்து நிகழும் நாட்களில் தப்பின் ஓசை மலைச்சரிவுகளில் மோதித் திரும்பும். ஈசனின் நெற்றிக்கண் திறக்கின்றது, காமன் எரிகின்றான், இரதி அலறுகின்றாள், பின் அவளுக்கு இரங்கி ஈசன் அவனை உயிர்ப்பிக்கின்றான். சினம், சாம்பல், புலம்பல், புதுப்பிறப்பு என்னும் நான்கு படிகளும் தப்பின் தாளத்திலேயே அடங்கிவிடுகின்றன. லயத்தில் வாழும் தொழிலாளி அதனைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டதில்லை. நோர்வேக்காரரின் 'புதுப்பிறப்பு'ப் பாடலைக் கேட்டு வியக்கும் தோட்டத்து இளைஞன், தன் பாட்டனின் தப்பைக் கேட்டு நாணுவானாயின், அந்நாணமே நகைப்புக்குரியது.

பேய்க்கூச்சல் என்ற குற்றச்சாட்டும் புதியதன்று. பட்டினத்துப் படிப்பாளிகள் ஒருகாலத்தில் நாட்டுக்கூத்தையும் இப்படித்தான் எண்ணினர். கிராமத்தான் விடியவிடியக் கத்துவது என்று ஒதுக்கினர். பேராதனைப் பல்கலைக் கழகத்திலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தைப் படைத்துச் சிங்கள நாடகத்துக்குப் புத்துயிர் அளித்தார். அதே பல்கலைக் கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். இரவெல்லாம் நீளும் கூத்து சுருங்கியது; ஆனால் மத்தளத்தின் வேகமும் ஆட்டத்தின் உக்கிரமும் குன்றவில்லை. கூச்சல் என்று தள்ளப்பட்டது கலையென்று கொள்ளப்பட்டது. கூத்து அன்றும் கலையாகத்தான் இருந்தது. மாறியது கேட்போரின் செவியே.

இவற்றையெல்லாம் கூறுவது, நம்மிடம் எல்லாம் முன்பே உண்டு, பிறநாட்டார் இசை வேண்டாம் என்று கதவடைப்பதற்கன்று. அதற்கு நேர்மாறாக, நம்மிடம் இருப்பதனால்தான் அவர்களுடையதும் நமக்கு விளங்குகின்றது என்பதே எம் கருத்து. சிங்கப்பூரில் 1992 இல், தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளி இளைஞர் 'ருத்ரா' என்னும் குழுவை அமைத்தனர். ஈசனின் உக்கிர வடிவமே அவர்கள் தேர்ந்த பெயர். தம் இசையை 'வேத மெற்றல்' என்று அழைத்து, 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்னும் தலைப்பில் மூன்று இசைத்தட்டுக்களை வெளியிட்டனர். வேதாந்த விசாரணையை இடிமுழக்கத்தின் நடுவே வைத்துப் பார்த்த துணிவு அது. நோர்வேக்காரர் தம் ரூன்களிடம் சென்றதுபோல இவர்கள் உபநிடதங்களிடம் சென்றனர். கண்டி இளைஞர் எங்கே செல்வர் என்பதை நாம் ஆவலோடு எதிர்பார்க்கலாம்.

அவர்களுக்கு ஒரு சொல். கிற்றார் இரைச்சலின்மேல் தப்பையோ கெட்டபெரயவையோ பொட்டு வைத்தாற்போல ஒட்டிவிட்டால் அது மரபாகிவிடாது. 'ஈசா'வில் நோர்வே நாட்டு நாட்டுப்புறக் கருவிகளின் அணிவகுப்பு இல்லை. இருந்தும் அது அந்நாட்டின் குளிரைச் சுமந்து வருகின்றது. ஏனெனில் அவர்கள் கருவியைக் கடன்வாங்காமல், கதையின் நடையை உள்வாங்கினர். அறிவைப் பெறுதற்காக ஒடின் என்னும் தெய்வம் ஒன்பது இரவுகள் மரத்திலே தொங்கிய கதை அவர்களுடையது. காத்திருத்தல் அவர்கள் தொன்மத்திலேயே இருக்கின்றது. ஆகவே அவர்கள் இசையிலும் வந்தது. கங்காரியவின் விடியலும் காமனின் மீட்சியும் நம் இளைஞரின் இசையில் அங்ஙனம் நடையாக வருமாயின், அப்போது அதனை முற்போக்கு என்று அஞ்சாது அழைக்கலாம்.

இவ்விசையில் குறை இல்லையென்று சொல்ல வரவில்லை. கீறும் குரலிற் சொற்கள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. சொல்லின் சுவையில் ஊறிய தமிழருக்கு அது பெரிய இழப்பு. முதல் முறை கேட்போர் பத்து நிமிடத்தில் எழுந்துபோகவும் கூடும். எல்லாரும் இதனை விரும்ப வேண்டும் என்பதுமில்லை. கைத்தொலைபேசியின் சிறு துவாரத்தின் வழியே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், ஓர் அமைதியான மாலையில் முழு இசைத்தட்டையும் ஒரு தடவையேனும் கேட்டுவிட்டுப் பின் மறுப்பவரோடு எமக்கு வழக்கில்லை. மகனோடு உடனிருந்து கேட்கும் தந்தை, அவன் எதனால் வருந்துகின்றான் என்பதையும் அறிந்துகொள்ளக்கூடும். அது இசையறிவினும் பெரிய பேறு.

கேட்கும் இளைஞருக்கும் ஒரு கடமை உண்டு. தாம் விரும்பும் இசையின் பிறப்பிடத்தில் எரிந்த கூரைகளை அவர் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்த பின்னும், தம் ஊரில் எவருடைய கூரைக்கேனும் எவரேனும் தீயெடுத்துச் செல்லும் நாளில் எப்பக்கம் நிற்பது என்பதையும் இன்றே முடிவுசெய்திருத்தல் வேண்டும். சினத்துக்கு இசையில் இடம் கொடுப்பது, தெருவில் அதற்கு இடமில்லாமற் செய்வதற்காகவே. அவ்வளவும் செய்தபின் ஒலியை எவ்வளவு உயர்த்தினாலும் தவறில்லை. அடுத்த வீட்டார் உறங்கும் வேளை தவிர.